புதுப்பிப்பு: பாதி த்ராட்டிலில் திணறிய பழைய பைக்

சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாற்றியதிலிருந்து பாதி த்ராட்டிலில் (ஆக்ஸிலரேட்டரைப் பாதி திருகும்போது) வண்டி திணறுகிறது, கார்புரேட்டரில் பெரிய மெயின் ஜெட் (பெட்ரோல் பாயும் துளையுள்ள திருகு) போட்டும் பலனில்லை என்று புலம்பியிருந்தேன் அல்லவா? தப்பு என்னுடையதுதான். மெயின் ஜெட்டின் ஆட்டம் முக்கால் த்ராட்டிலுக்கு மேல்தான். அதற்குக் கீழே, கால் த்ராட்டில் வரை, பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியான நீடிலின் ராஜ்ஜியம்.

நீடிலின் உயரத்தை மாற்றும் கிளிப்பை ஒரு காடி (வெட்டு) கீழே இறக்கினேன். நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடியது, திணறல் பாதி குறைந்தது. மீதிப் பாதி? பாயின்ட் (பிளக்கில் தீப்பொறி வரவைக்க திறந்து மூடும் தொடுமுனை)! 0.35 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளியில் 0.20 மி.மீ. ஃபீலர் கேஜே (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இறுக்கமாகத்தான் நுழைந்தது. அதனால் தீப்பொறி வரும் டைமிங்கும் பின்தங்கியிருந்தது. இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

பெட்ரோல் போதாமல் சாக்பீஸ் மாதிரி வெளுத்திருந்த பிளக் முனை இப்போது சரியான பிஸ்கட் நிறத்துக்கு வந்துவிட்டது. முழு த்ராட்டிலில் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. அதுவரை பெரிய ஜெட் அப்படியே இருக்கட்டும்.