சாவு பயமும் 455 டாலரும்

கரும்பலகை: மனிதன் பிள்ளை பெறுவது, சொத்து சேர்ப்பது, புகழுக்கு அலைவது எல்லாமே சாவு பயத்தால்தான் என்று நேற்று நம் இணையக் குழுவில் 'வேனிற்காலம்' என்ற பேரில் எழுதுபவர் அடித்துச் சொல்லியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் காட்டிய ஆதாரம் 1989-இல் வெளியான அமெரிக்க ஆய்வு. டூசான் நகர நீதிபதிகள் 22 பேர். சிலரைத் தங்கள் சாவைப் பற்றி எழுதச் சொல்லிவிட்டு, எல்லோரிடமும் ஒரு கற்பனையான பாலியல் தொழில் வழக்கைக் கொடுத்து ஜாமீன் தொகை கேட்டார்கள். சாவைப் பற்றி எழுதாதவர்கள் போட்டது சராசரியாக 50 டாலர். எழுதியவர்கள் 455. இந்த 22 பேரை வைத்து மனித குலத்துக்கே ஜாதகம் கணித்துவிட்டார்!

வேனிற்காலம்: ஒன்பது மடங்கு ஐயா. அன்றாடம் ஜாமீன் போட்டுப் பழகிய கைகள் அவை. சாவை நினைத்ததும் தங்கள் ஒழுக்கத்துக்கு ஒவ்வாதவள் மேல் பாய்கிறார்கள். அமெரிக்க மானுடவியலாளர் எர்னஸ்ட் பெக்கர் 1973-லேயே சொன்னதுதானே இது? சாகப்போவது தெரிந்த மனிதன், தனக்குப் பிறகும் நிற்கிற எதையாவது பிடித்துக்கொள்கிறான். மதமோ தேசமோ பேரோ, ஏதோ ஒன்று.

கரும்பலகை: பெக்கர் இருக்கட்டும். 22 பேர்! ஒரு பேருந்தில் பாதிகூட நிரம்பாது.

சுக்கான்: அந்த 455-ஐக் கொஞ்சம் விடுங்களேன். என் மாமா ஒருவர், பரிசோதனை முடிவு வந்த உறையைப் பிரிக்காமலே பீரோவில் துணிக்கடியில் வைத்திருந்தார். பிரிக்காதவரை நோய் இல்லையாம். அதே மனிதர் விடிகாலையில் நடைப்பயிற்சியைத் தவறவிடமாட்டார். யாராவது இருமினால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

கரும்பலகை: மாமா நீதிபதியா? இல்லையென்றால் எந்தக் கணக்கிலும் இல்லை. இதே கோட்பாட்டின் இன்னொரு சோதனையை 21 ஆய்வகங்களில் திரும்பச் செய்து பார்த்தார்கள். சொன்ன விளைவு தென்படவில்லை. இதை மட்டும் வேனிற்காலம் வசதியாக மறந்துவிடுவார்.

வேனிற்காலம்: 'இன்னொரு சோதனை' என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே! அது மாணவர்களிடம் செய்தது. நீதிபதிகள் பக்கமே யாரும் போகவில்லை. 455 அப்படியே இருக்கிறது.

சுக்கான்: என் மாமாவை இப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

நடுக்கோடு: கரும்பலகை அண்ணே, கடவுள் விவாதத்தில் நான் ஆதாரம் கேட்டபோது 'அனுபவம் போதும்' என்று என் வாயை அடைத்தீர்கள். இப்போது தலைக்கணக்கு எடுக்கிறீர்களே?

கரும்பலகை: அப்படி நான் எழுதவே இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வந்தபின் நாம் இல்லை என்று கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸ் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே முடித்துவைத்தார். எனக்குச் சாவு பயம் துளியும் கிடையாது. நான் படிப்பது ஆர்வத்தால், உழைப்பது பிடித்திருப்பதால். அதையும் பயம் என்று சொல்ல நீங்கள் யார்? இல்லை என்றால் 'மறைக்கிறாய்' என்பீர்கள், ஆமாம் என்றால் 'பார்த்தாயா' என்பீர்கள். எப்படிப் போட்டாலும் உங்களுக்கே விழுகிற தாயம் இது. அதுவும் 22 பேரை வைத்து!

சுக்கான்: துளியும் பயமில்லாதவர் நள்ளிரவு தாண்டி இவ்வளவு நீளமாக எழுதுகிறார்.

கரும்பலகை: தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். அதற்கும் சாவையா இழுப்பீர்கள்?

வேனிற்காலம்: நான் இழுக்கவில்லை. 455-க்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

நடுக்கோடு: கடவுள் விவாதத்தைத் தேடி எடுத்துவிட்டேன். 'அனுபவம் போதும்', உங்கள் பேரில்தான் இருக்கிறது அண்ணே.

கரும்பலகை: முன்பின் படியுங்கள் தம்பி. அது கேலிக்கு எழுதியது.