பொருள்: மறு: பின்னோக்கிய ஒத்திசைவா, பின்னியைபா?

வணக்கம்.

> தண்டையார்பேட்டைப் பயிற்சிக் கையேட்டில் 'பேக்வர்டு கம்பேட்டிபிலிட்டி'க்கு (புதிய கருவி பழையதோடும் சேர்ந்து இயங்குவது)ப் 'பின்னோக்கிய ஒத்திசைவு' என்றே போட்டுவிடலாமே?

வேண்டாம் ஐயா. செல்போனில் 'சிங்க்' என்பதற்கு 'ஒத்திசை' நிலைத்துவிட்டது. நெட்வொர்க்கில் கடிகார ஒத்திசைவு தனிப் பாடம். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் படிக்கிற பையன் குழம்புவான். என் பரிந்துரை 'இயைபு'. பழையதோடு என்றால் 'பின்னியைபு'.

நெட்வொர்க் தரங்களை வகுக்கும் ஐ.இ.இ.இ. 802 குழுவில் புதிய தரம் ஒன்றைத் தொடங்க அனுமதி கேட்கும்போதே சந்தை, செலவு, சாத்தியம் ஆகியவற்றோடு இயைபுக்கும் பதில் எழுதித் தர வேண்டும். கம்பி நெட்வொர்க்கான ஈதர்நெட்டின் பதில் பெரும்பாலும் ஃபிரேம்தான், அதாவது தரவைப் பொதிந்து அனுப்பும் பொட்டலம். வேகம் 10 மெகாபிட்டிலிருந்து 400 கிகாபிட்டுக்கு ஏறியும் 64 பைட் என்ற குறைந்தபட்ச ஃபிரேம் அளவில் கை வைக்கவில்லை. உச்ச அளவில் வைத்தார்கள்: 1998-இல் விலேன் குறிக்காக (ஒரே நெட்வொர்க்கைப் பல பிரிவுகளாகப் பிரிக்கும் அடையாளம்) 4 பைட் கூட்டி 1518-ஐ 1522 ஆக்கினார்கள். அதை அறியாத பழைய கருவிகளில் சில, 'நீளம் அதிகம்' என்று ஃபிரேமையே தூக்கிப்போட்டன.

பின்னியைபுக்குக் கையேட்டில் காட்டவேண்டிய எடுத்துக்காட்டு டூப்ளெக்ஸ் கோளாறு. ராயபுரத்துக் கடைக்காரர் பாஷையில், "பிங் போவுது, பில்லிங் மட்டும் ஜவ்வா இழுக்குது." ஸ்விட்ச் போர்ட்டை யாரோ '100 ஃபுல்' (100 மெகாபிட், இருமுனையும் ஒரே நேரத்தில் பேசலாம்) என்று பூட்டியிருப்பார், கணினி ஆட்டோவில், அதாவது எதிர்முனையோடு பேரம் பேசி வேகத்தையும் டூப்ளெக்ஸையும் முடிவுசெய்யும் நிலையில் இருக்கும். எதிர்முனை பேரம் பேசாததால், சிக்னலைப் பார்த்து வேகம் 100 என்று கணினி கண்டுகொள்ளும். டூப்ளெக்ஸைச் சிக்னலில் கண்டுபிடிக்க வழியில்லை. அப்படிப்பட்ட நிலையில் 'ஹாஃப்' (ஒரு நேரத்தில் ஒரு முனை மட்டும் பேசுவது) என்று கொள்ளச் சொல்கிறது தரம், ஏனென்றால் பேரம் தெரியாத பழைய ஹப்புகள் (ஸ்விட்சுக்கு முந்தைய இணைப்புப் பெட்டிகள்) ஹாஃபில்தான் ஓடின. ஆக, பழையதைக் காப்பாற்ற வைத்த விதியே இங்கே வினையாகிறது. கணினிப் பக்கம் 'லேட் கொலிஷன்' (தாமதமாக நேரும் மோதல்) எண்ணிக்கை ஏறும், ஸ்விட்ச் பக்கம் சிஆர்சி பிழை (ஃபிரேம் சிதைந்து வந்ததைக் காட்டுவது) ஏறும். இரு முனையையும் ஆட்டோவில் விடுங்கள். இல்லையென்றால் இரண்டையும் ஒரே மாதிரி பூட்டுங்கள். செம்புக் கம்பிக் கிகாபிட்டில் இந்தப் பேச்சே இல்லை, அங்கே ஆட்டோ கட்டாயம்.

வைஃபையில் 'இயைபு' மட்டும் போதாது. 2003-இல் வந்த 802.11ஜி கருவியின் வேகமான அலையைப் பழைய 802.11பி கருவியால் படிக்க முடியாது; காற்று காலி என்று நினைத்து நடுவில் பேசிவிடும். அதனால் 'பி'க்குப் புரியும் மெதுவான வேகத்தில் சிடிஎஸ் என்ற சிறு அறிவிப்பை அனுப்பி, நேரத்தை முன்பதிவு செய்த பிறகே 'ஜி' பேசும். ஒரு பழைய கருவி இருந்தாலே எல்லோருக்கும் வேகம் அடிவாங்கும். இப்படிப் பழையதும் புதியதும் ஒரே இடத்தைப் பகிர்ந்து இயங்குவதை 'உடனிருப்பு' என்று தனியாகவே பதிய வேண்டும்.

---

> என் பரிந்துரை 'இயைபு'

யாப்பில் அடிகளின் கடைசி ஒன்றுவது இயைபு. வேதியியலில் ஒரு பொருளின் கூட்டமைவும் இயைபு. இடிக்காதா?

---

துறை வேறு, இடிக்காது அம்மா. சொல்லைச் சோதிக்க, இணைய முகவரி முறையின் புதிய பதிப்பான ஐபிவி6-ஐ (பழையது ஐபிவி4) வைத்துப் பாருங்கள். ஐபிவி6 மட்டும் தெரிந்த கருவி, ஐபிவி4 மட்டும் தெரிந்ததோடு நேரடியாகப் பேசாது. அப்படியானால் பின்னியைபு இல்லை. ஒரே கம்பியில் இரண்டும் ஓடுகின்றன, அதனால் உடனிருப்பு உண்டு. 'ஒத்திசைவு' என்று ஒரே சொல்லை வைத்திருந்தால் இந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

வண்ணாரப்பேட்டையில் கேபிள் இழுப்பவர் கேட்பது "பழசோட செட் ஆவுமா?" என்றுதான். பின்னியைபுக்கு எழுதும் விளக்கத்தின் முதல் வரியாக அதையே போடுங்கள்.