ஹோம் டைரக்டரி காப்பி ஆகுது, புள்ளி ஃபைல் (பேர் புள்ளியில தொடங்கற மறைவு ஃபைல்) மட்டும் வரல (சென்ட்ஓஎஸ் 6 → ராக்கி லினக்ஸ் 9)

கேள்வி:
பழைய சென்ட்ஓஎஸ் 6 சர்வர்ல மதர்போர்டு போயிருச்சு. டிஸ்க் நல்லா இருக்கு, புது ராக்கி லினக்ஸ் 9 மெஷின்ல மவுண்ட் பண்ணிட்டேன். அதே பேர்கள்ல யூசர்ஆட் (கணக்கு உருவாக்கற கமாண்ட்) போட்டுட்டு, ரூட்டா இருந்து ஒவ்வொருத்தர் ஹோமையும் "சிபி -ஆர்பி", கடைசியில "/*" குடுத்து காப்பி பண்ணேன். எரர் இல்ல. ஆனா யாரோட ஏலியாஸும் (கமாண்டுக்கு வெச்ச சுருக்கப் பேர்) வரல, எஸ்எஸ்ஹெச் கீயும் (பாஸ்வேர்டு இல்லாம லாகின் பண்ற கீ) எடுக்கல. "எல்எஸ் -ஏ" போட்டா .பாஷ்ஆர்சி (ஏலியாஸ் எழுதி வெக்கற ஃபைல்) இருக்கு, அதான் குழப்பமே! ஓனர் இடத்துல பேருக்குப் பதிலா 500, 501னு நம்பர் வேற காட்டுது.

பதில் 1:
நட்சத்திரம் புள்ளியில தொடங்கற பேர எடுக்காது ப்ரோ. "/.*" போட்டு இன்னொரு தடவ ஓட்டுங்க, வேலை முடிஞ்சுது.

பதில் 2:
தயவுசெஞ்சு அத ஓட்டாதீங்க. ராக்கி 9ல இருக்கறது பாஷ் (கமாண்ட் ஓட்டற ஷெல்) 5.1. அதுல ".*" போட்டா ".."உம் (ஒரு படி மேல இருக்கற டைரக்டரி) சேர்ந்து வரும். ஒருத்தர் ஹோமுக்குள்ள ஊர்ல இருக்கற எல்லார் ஹோமும் வந்து கொட்டும். பாஷ் 5.2லதான் டிஃபால்ட்டா இத நிறுத்தினாங்க.

நீங்க பாத்த .பாஷ்ஆர்சி பழசு இல்ல, யூசர்ஆட் ஸ்கெல் டைரக்டரியிலிருந்து (புதுக் கணக்குக்கான மாதிரி ஃபைல் இருக்கற இடம்) எடுத்துப் போட்டது.

நட்சத்திரமே வேண்டாம். "சிபி -ஏ" குடுத்து, மூலப் பாதை முடிவுல "/." போடுங்க. நான்னா ஆர்சிங்க்தான் (இன்னொரு காப்பி கமாண்ட்) போடுவேன், இந்த ஆப்ஷன்களோட: சின்ன ஏ, பெரிய ஹெச், பெரிய ஏ, பெரிய எக்ஸ். மூலப் பாதை சாய்கோட்டுல முடியணும், இல்லன்னா ஹோமுக்குள்ள இன்னொரு ஹோம் முளைக்கும். முதல்ல "-என்" சேர்த்து ஒத்திகை பாத்துக்கோங்க.

கேள்வி கேட்டவர்:
ஆர்சிங்க் போட்டேன் அண்ணா, எல்லாம் வந்துருச்சு. ஆனா கீ போட்டா இன்னும் பாஸ்வேர்டு கேக்குது.

பதில் 2:
/வார்/லாக்/செக்யூர் பாருங்க, "பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்"னு (ஓனரோ உரிமையோ சரியில்ல) இருக்கும். சென்ட்ஓஎஸ் 6ல யூசர் நம்பர் 500ல தொடங்கும், 7லிருந்து 1000. டிஸ்க்ல பதிஞ்சிருக்கறது நம்பர்தான், பேர் இல்ல. பழைய மெஷின் உயிரோட இருந்து நெட்வொர்க் வழியா ரூட்டா ஆர்சிங்க் பண்ணியிருந்தா பேர வெச்சுப் பொருத்தியிருக்கும். இங்க அதுக்கு வழியில்ல.

டிஸ்க்ல இருக்கற பழைய பாஸ்வேர்டு ஃபைலத் (இடிசி/பாஸ்டபிள்யூடி) திறந்து எந்த நம்பர் யாருன்னு பாருங்க. அப்புறம் ஒவ்வொருத்தருக்கும் "சிஹெச்ஓன் -ஆர்" (ஓனர மாத்தற கமாண்ட், பெரிய ஆர்), கூட "--ஃப்ரம்=500:500" (அவரவர் பழைய நம்பர்). பழைய நம்பர் உள்ள ஃபைல மட்டும் மாத்தும். புது மெஷின்ல 500வே குடுத்துரலாம்னு சிலர் சொல்வாங்க, ஆனா 1000க்குக் கீழ சிஸ்டம் கணக்குகளோட இடம், மோதும்.

.எஸ்எஸ்ஹெச் 700, ஆத்தரைஸ்டு கீஸ் 600, ஹோம்ல குரூப்புக்கு எழுதற உரிமை கூடாது. கடைசியா ஹோம் முழுக்க "ரெஸ்டோர்கான் -ஆர்", செலினக்ஸ் லேபிளுக்கு (ஃபைல் மேல இருக்கற பாதுகாப்புக் குறி).

கேள்வி கேட்டவர்:
கீ வேலை செய்யுது, ரொம்ப நன்றி! ஒரே ஒருத்தருக்கு மட்டும் இன்னும் எடுக்கல. ஓனர், பர்மிஷன் எல்லாம் சரியாத்தான் இருக்கு.

பதில் 3:
அவர் கீ "எஸ்எஸ்ஹெச்-டிஎஸ்எஸ்"னு தொடங்குதா பாருங்க. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 7.0லிருந்து (2015) அந்த வகை டிஃபால்ட்டா ஆஃப். புதுசா இடி25519 கீ உருவாக்கச் சொல்லுங்க.