அர்த்தம் தெரியும் என்று நினைத்துக் கையெழுத்திட்ட சொற்கள்: மும்பைப் பகுதி வாசகர்கள் எழுதியவை

மாட்டுங்கா வாசி:
ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் 5 லட்சம் ரூபாயை, 2019-இல், வங்கிக் கிளையில் சொன்னபடி அப்பா ஒரு மியூச்சுவல் ஃபண்டின் (பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் திட்டம்) டிவிடெண்ட் வகையில், அதாவது அவ்வப்போது பணம் பகிர்ந்து தரும் வகையில், போட்டார். மாதாமாதம் வந்த தொகையை வட்டி என்றே எண்ணி மளிகைக்கும் மருந்துக்கும் செலவழித்தார். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் உத்தரவின்படி 2021 ஏப்ரல் 1 முதல் அந்த வகையின் பெயர் ஐ.டி.சி.டபிள்யூ. என்று மாறியது. புதிய அறிக்கையைப் பார்த்து, "வருமானப் பகிர்வும் மூலதனத்தைத் திரும்ப எடுப்பதும்" என்று அதற்கு நான் பொருள் சொன்னேன். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்தத் தாளின் மேலேயே வைத்துவிட்டு, "அப்போ இத்தனை நாளா என் பணத்தையே எனக்குக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்களா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

டோம்பிவிலி பயணி:
என்னைக் கவிழ்த்த சொல் லாக்-இன், அதாவது பணத்தை எடுக்க முடியாத பூட்டுக் காலம். வரிச் சலுகைக்காக இ.எல்.எஸ்.எஸ். என்ற மியூச்சுவல் ஃபண்ட் வகையில் 2019 ஜூனிலிருந்து மாதம் 3,000 ரூபாய் எஸ்.ஐ.பி. (மாதத் தவணை முதலீடு) கட்டினேன். மூன்று ஆண்டு முடிந்ததும் மொத்தமும் கைக்கு வரும் என்று நம்பி, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அதையே கணக்கில் வைத்திருந்தேன். 2022 ஜூனில், ரயிலில் தாணேயில் கூட்டம் இறங்கி உட்கார இடம் கிடைத்த பிறகு, கைபேசியில் திறந்து பார்த்தால், எடுக்கக்கூடிய தொகை 4 ஆயிரத்துச் சொச்சம்தான். ஒவ்வொரு தவணைக்கும் அது கட்டிய நாளிலிருந்து தனியாக மூன்று ஆண்டு ஓட வேண்டுமாம். திறந்தது முதல் தவணையின் பூட்டு மட்டுமே. கட்டணத்துக்கு மைத்துனரிடம் கைமாற்று வாங்கினேன்.

செம்பூர் கணக்கர்:
மாட்டுங்கா நண்பர் வங்கியைக் குறை சொல்வதுபோல் எழுதியிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஃபண்டின் ஒரு பங்கான யூனிட்டுக்கு 10 பைசா கொடுத்தால், அந்த யூனிட்டின் விலையான என்.ஏ.வி. 12.40 ரூபாயிலிருந்து 12.30-க்கு இறங்கும் (அன்றைய சந்தை ஏற்ற இறக்கம் வேறு). இது அந்தப் பெயர் மாறுவதற்கு முன்பும் அப்படித்தான். அறிக்கையில் அந்த எண் எப்போதும் இருந்தது. நானும் ஒருமுறை ஏமாந்தேன்: புதிய ஃபண்டின் என்.ஏ.வி. 10 ரூபாய் என்பதால் மலிவு என்று நினைத்து வாங்கினேன். அது தவறு. 10,000 ரூபாய்க்கு 10 ரூபாய் விலையில் 1,000 யூனிட் வாங்கினாலும், 100 ரூபாய் விலையில் 100 யூனிட் வாங்கினாலும், ஃபண்ட் 10 சதவீதம் ஏறினால் இரண்டும் 11,000 ரூபாய்தான். உங்கள் அப்பாவுக்கு மாத வருமானம் வேண்டுமென்றால், லாபத்தைப் பகிராமல் ஃபண்டிலேயே வைக்கும் குரோத் வகைக்கு மாற்றி எஸ்.டபிள்யூ.பி. (மாதாமாதம் நாம் சொல்லும் தொகையை எடுக்கும் ஏற்பாடு) போடுங்கள், அதிலும் சொந்தப் பணம்தான் வெளியே வரும் என்றாலும், எவ்வளவு என்பதை நாமே முடிவு செய்யலாம், எடுக்கும் தொகையில் உள்ள லாபப் பகுதிக்கு மட்டுமே வரி. மாற்றுவதே ஒரு விற்பனையாகக் கருதப்படும் என்பதால் எக்ஸிட் லோடு (சீக்கிரம் விற்றால் பிடிக்கும் கட்டணம்) உண்டா என்று முதலில் பாருங்கள். மீதிப் பணம் டெபாசிட்டில் இருந்தால், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதையும் நினைவில் வையுங்கள்.

முலுண்ட்:
படித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்வது எளிது, ஐயா. நான் படித்தேன். வண்டிக் கடன் 1 லட்சம், ஓராண்டு, 10 சதவீதம் ஃப்ளாட் ரேட் என்று தெளிவாகவே இருந்தது. ஷோரூம் மேசையில் அந்தப் பையன் கால்குலேட்டரில் 1,10,000-ஐ 12-ஆல் வகுத்து, 9,167 என்ற எண்ணை என் பக்கம் திருப்பிக் காட்டினான். முக்கால்வாசிக் கடனை அடைத்த பிறகும் முழு லட்சத்துக்கே வட்டி கட்டிக்கொண்டிருந்தேன். குறையும் அசலின் மேல் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 18 சதவீதம். ஃப்ளாட் என்ற சொல்லுக்கு மும்பையில் வீடு என்றுதான் எனக்குப் பொருள் தெரியும்.

மாட்டுங்கா வாசி:
செம்பூர் நண்பருக்கு: நான் ஆலோசனை கேட்கவில்லை, ஆனாலும் அப்பாவிடம் எஸ்.டபிள்யூ.பி. பற்றிச் சொல்லிப் பார்த்தேன். அவர் இப்போது பழைய டைரி ஒன்றில், பணம் வரும் ஒவ்வொரு முறையும் என்.ஏ.வி.யைச் சிவப்பு மையில் குறித்து வருகிறார். நேற்றும் "11 பைசா போச்சு" என்று உரக்கப் படித்தார். மாற்றுவதற்கான படிவத்தை நீட்டினால் மட்டும் கையெழுத்துப் போட மறுக்கிறார்.