நீண்ட ஓட்டத்துக்குப் பழம்: எதை, எப்போது, எவ்வளவு?

காவிரிக்கரை

வணக்கம். ஊர் திருச்சி, எடை 64 கிலோ. ஞாயிறு காலை 4:45க்குக் கிளம்பி 18 கி.மீ. ஓடுகிறேன், 2 மணி 10 நிமிடம் ஆகிறது. ஜெல் (ஓடும்போது உறிஞ்சும் சர்க்கரைக் கூழ்ப் பாக்கெட்) வாங்க விருப்பமில்லை, பழத்தை வைத்தே சமாளிக்கப் பார்க்கிறேன்.

இப்போதைய வழக்கம்: 4:15க்கு 2 வாழைப்பழம், அரைக் கொய்யா. ஓடும்போது வெறும் தண்ணீர். முடித்ததும் ஒரு பெரிய கிண்ணம் தர்பூசணி, பிறகு 11 மணிக்குச் சாப்பாடு.

8 கி.மீ. தாண்டியதும் வயிறு கலங்கிப் பக்கவாட்டில் பிடிக்கிறது. 14க்கு மேல் கால் நகர மறுக்கிறது. மதியம் தலைவலி, திங்கட்கிழமை வரை அசதி. எங்கே தப்பு?

மொந்தன்

திருச்சியில் இருந்துகொண்டு ஜெல் வாங்காததே சரி. ஆனால் கொய்யாவை அந்த நேரத்தில் தொடாதீர்கள். 100 கிராமில் 5 கிராமுக்கு மேல் நார், போதாததற்கு விதை. நார் வயிற்றைவிட்டு மெதுவாகத்தான் இறங்கும். ஓட ஆரம்பித்ததும் ரத்தம் கால் தசைக்கும், சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் திரும்பிவிடும், குடலுக்குப் போவது குறையும். பாதி செரித்தது உள்ளே குலுங்கினால் பிடிக்கத்தான் செய்யும். கொய்யாவை மாலைக்குத் தள்ளுங்கள். அது நல்ல பழம், வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு.

அடுத்தது, வாழைப்பழம் எந்தப் பதத்தில் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. வாழைக்காயின் உலர் எடையில் 70–80 சதவீதம் ஸ்டார்ச். பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறும். காய்வெட்டாக இருக்கும் பழத்தில் மாறாத ஸ்டார்ச்சில் ஒரு பகுதி செரிக்காமல் பெருங்குடல் வரை போய் அங்கே வாயுவாகும். தோல் மஞ்சளாகிவிட்டதாலேயே உள்ளே பழுத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கார்பைடு கல் வைத்த தாரில் தோல் பளபளவென்று இருக்கும், உள்ளே சதை கடுக்கும், காம்பு பச்சையாகவே நிற்கும். கார்பைடுக்குத் தடை இருக்கிறது, பழுக்க வைக்க எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி. இருந்தாலும் சந்தையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது.

ரஸ்தாளி என்றால் இன்னொன்றும் கவனிக்கணும். சில பழத்தில் நடுவே கட்டி கட்டியாகப் பல்லில் நறுக்கென்று படும். அது சர்க்கரையாகாமல் நின்றுபோன பகுதி, துப்பிவிடுங்கள். ஓடுகிற காலைக்குப் பூவனோ கற்பூரவள்ளியோ வைத்துக்கொள்ளுங்கள். தோலில் கரும்புள்ளி விழுந்திருக்கணும், இழுத்தால் சீப்பிலிருந்து சுலபமாக வரணும். ஞாயிற்றுக்கிழமைக்கு வியாழனே வாங்குங்கள், நுனியில் லேசாகப் பச்சை இருக்கலாம். வெளியிலேயே தொங்கவிடுங்கள். பழுக்குமுன் ஃப்ரிட்ஜில் வைத்தால் பழுப்பது நின்றுவிடும்.

அளவு: எண்ணிக்கையை நம்பாதீர்கள். பூவன் ஒன்றும் செவ்வாழை ஒன்றும் எப்படிச் சமமாகும்? தோலுரித்து எடை போடுங்கள், 100 கிராம் சதைக்கு 22–25 கிராம் கார்ப் (மாவுச்சத்தும் சர்க்கரையும்). உங்களுக்கு 130 கிராம் சதை, அதாவது 30 கிராம் கார்ப் போதும். 4 மணிக்குள் முடித்துவிடுங்கள். தூக்கத்தில் காலியாவது ஈரலின் கிளைக்கோஜன்தான், அதாவது உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை. தசையில் இருப்பது முந்தின இரவுச் சாப்பாடு. சனி இரவு சோற்றைக் குறைத்தால் காலை 10 பழம் தின்றாலும் அதை ஈடுகட்ட முடியாது.

சைக்கிள்செயின்

மொந்தன் சொன்னது ஓட்டத்துக்கு முந்தைய கதை. 14வது கி.மீ.யில் கால் நிற்பது வேறு. 2 மணி 10 நிமிடம் வெறும் தண்ணீரில் ஓடினால் அப்படித்தான் ஆகும். ஒரு மணி நேரத்தைத் தாண்டிய பயிற்சிக்கு மணிக்கு 30–60 கிராம் கார்ப் என்பது பொதுவான கணக்கு. நீங்கள் 35–40இல் தொடங்குங்கள்.

சைக்கிளில் வாழைப்பழத்தையே தின்றுகொண்டு போகலாம். 2012இல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 75 கி.மீ. சைக்கிள் சோதனையில் வாழைப்பழத்தையும் ஸ்போர்ட்ஸ் பானத்தையும் ஒப்பிட்டார்கள், நேரத்தில் வித்தியாசமே இல்லை. ஆனால் ஓட்டத்தில் வயிறு குலுங்கும், பழம் பையில் நசுங்கும். அதனால் பேரீச்சை. 100 கிராமில் 75 கிராம் கார்ப், சிறிய பழம் ஒன்றில் 5–6 கிராம். கொட்டையை எடுத்து, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, மூன்று மூன்று பழமாக பட்டர் பேப்பரில் மடித்து இடுப்புப் பையில் வையுங்கள். வெறும் கவரில் போட்டால் வியர்வைச் சூட்டில் ஒரே உருண்டையாகிவிடும், ஓடிக்கொண்டே பிய்க்க முடியாது.

முதல் பொட்டலம் 35வது நிமிடம், பிறகு 25–30 நிமிடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் நடந்து, நன்றாக மென்று, 150 மி.லி. தண்ணீர். தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் அடர்த்தியான சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், மறுபடியும் கலக்கல்தான். களைத்த பிறகு தின்னலாம் என்று காத்திருக்காதீர்கள். அது ரத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஓட்டமே முடிந்துவிடும்.

ஓடும்போது வேண்டாதவை: மாம்பழம், ஆப்பிள், பேரிக்காய், தர்பூசணி. பழத்தில் உள்ள இருவகைச் சர்க்கரையான குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் குடல் சுவரில் தனித்தனி வாசல் வழியாக உள்ளே போகின்றன. ஃபிரக்டோஸ் மிஞ்சிய பழத்தில் அந்த மிச்சம் மெதுவாகத்தான் உறிஞ்சப்படும், நின்றுபோனது வாயுவாகும். ஆப்பிளிலும் பேரிக்காயிலும் சார்பிட்டால் என்ற, முழுதாக உறிஞ்சப்படாத இனிப்புப் பொருள் வேறு. தர்பூசணியில் 40 கிராம் கார்ப் வேண்டுமென்றால் அரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும், யார் தூக்கிக்கொண்டு ஓடுவது?

நீர்மோர்

திங்கட்கிழமை வரை நீளும் அசதிக்கு வருகிறேன். ஒரு பெரிய கிண்ணம் தர்பூசணி 400 கிராம் என்று வைத்தால் கார்ப் 30, புரதம் 2–3 கிராம், சோடியம் வெறும் 4 மில்லிகிராம். ஒரு லிட்டர் வியர்வையில் சோடியம் ஆளுக்கு ஆள் மாறினாலும் 500–1000 மில்லிகிராம் போவது சாதாரணம். உப்பு போன இடத்தில் தண்ணீரும் தர்பூசணியும் மட்டும் ஊற்றினால் குடித்ததில் பாதி சிறுநீராக வெளியேறிவிடும். மதியத் தலைவலி பெரும்பாலும் இதனால்தான் இருக்கும்.

பழத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. அதன் சர்க்கரையில் ஏறக்குறைய பாதி ஃபிரக்டோஸ், அதை முதலில் கையாள்வது ஈரல். தசையை நிரப்புவதற்கு ஸ்டார்ச் சேர்ந்தால்தான் வேகம். எனவே முடித்த ஒரு மணி நேரத்துக்குள் 4 இட்லி, சாம்பார், 2 முட்டை, ஒரு வாழைப்பழம். முட்டை சாப்பிடாதவர்கள் 300 மி.லி. பாலும் ஒரு கை சுண்டலும் சேர்க்கலாம். புரதம் 20 கிராமைத் தொடணும் என்பதுதான் குறி. 11 மணி வரை இழுக்காதீர்கள். அடுத்த ஓட்டம் செவ்வாய் என்றால் மணிக்கு இத்தனை கிராம் என்று கணக்குப் பார்க்கவும் வேண்டாம், அன்றைய மூன்று வேளையும் சோறு குறையாமல் இருந்தால் போதும்.

தண்ணீருக்கு: ஓடுமுன்னும் பின்னும் ஈரத்துணி இல்லாமல் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், இரண்டு மூன்று மணி நேரத்தில் பிரித்துக் குடிக்கணும். அதில் அரை லிட்டர் நீர்மோராக, கால் டீஸ்பூன் உப்புடன் இருக்கட்டும். அந்த உப்பிலேயே 590 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் வந்துவிடும். தர்பூசணியை விடவே வேண்டாம், மேலே உப்புத் தூவிக்கொள்ளுங்கள். வண்டியில் வெட்டி வைத்ததை மட்டும் தவிர்த்துவிடுங்கள், ஈ மொய்த்த துண்டுக்கு எந்தக் கணக்கும் உதவாது.

தென்னந்தோப்பு

இவ்வளவு எதற்கு? ஓடும் வழியிலேயே இளநீர் குடித்தால் உப்பும் ஆச்சு, சர்க்கரையும் ஆச்சு.

நீர்மோர்

ஆகாது அண்ணே. இளநீரில் தூக்கலாக இருப்பது பொட்டாசியம். சோடியம் காய்க்குக் காய் மாறும், பொதுவாக வியர்வையில் போனதைவிடக் குறைவுதான். சர்க்கரையும் 300 மி.லி.க்கு 8–15 கிராம்தான். முடித்தபின் உப்புப் பண்டத்தோடு குடித்தால் அருமை. ஓடும்போது அதையே நம்பக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரையும் வாழைப்பழத்தையும் டாக்டரிடம் கேட்டுத்தான் தொடணும்.

குடிக்கிற மாதிரி ஏதாவது வேண்டுமென்றால் வீட்டிலேயே செய்யலாம்: சாத்துக்குடிச் சாறு 300 மி.லி., தண்ணீர் 200 மி.லி., சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு கால் டீஸ்பூனில் பாதி. வடிகட்டணும், சக்கை இருந்தால் ஓடும்போது எதுக்களிக்கும். கார்ப் 35 கிராம் வரும். முதல் நாள் இரவே பிழிந்தால் கசந்துவிடும். காலையில் பிழியுங்கள்.

காவிரிக்கரை

நன்றி எல்லோருக்கும். அப்படியானால் இந்த ஞாயிறு: 4 மணிக்கு 130 கிராம் பூவன், 35வது நிமிடத்திலிருந்து பேரீச்சை, கையில் சாத்துக்குடி பாட்டில், முடித்ததும் இட்லி, மோர். சரியா?

சைக்கிள்செயின்

பேரீச்சை, சாத்துக்குடி இரண்டையும் சேர்க்காதீர்கள். முழுசாக எடுத்தால் மணிக்கு 50 கிராமைத் தாண்டும், இதுவரை வெறும் தண்ணீரில் ஓடிய குடல் அதற்குப் பழகியிருக்காது. வயிறு கெட்டால் எதனால் என்றும் தெரியாது. வியாழன் 10 கி.மீ.யில் ஒரே ஒரு பொட்டலம் தின்று பாருங்கள். ஒத்துக்கொண்டால் ஞாயிறு முழு அளவு பேரீச்சை, பாட்டிலில் தண்ணீர் மட்டும். சாத்துக்குடி அடுத்த வாரம்.

மொந்தன்

சனி இரவு கீரை, பயறு, கொண்டைக்கடலை வேண்டாம். ரசம் சாதம் போதும்.