ஆறாம் வகுப்புக்கு நீல டிராகனை எப்படிக் காட்டுவது?

கரும்பலகை:
35 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பெசன்ட் நகர் கரையில் ஒதுங்கியதே, அந்த நீல டிராகன் என்ற சின்னக் கடல் பிராணிதான் பாடம். படத்தைக் காட்டுவதோடு நிற்காமல் வேறென்ன செய்யலாம்? தமிழில் "கடல் அட்டை" என்று எழுதலாமா?

நண்டுவளை:
வேண்டாம் டீச்சர். கடல் அட்டை என்றால் ராமநாதபுரம் பக்கம் வேறு உயிரினம், நட்சத்திர மீனுக்கு உறவு, பிடிக்கவும் தடை. இது நத்தை இனம். "ஓடில்லாத கடல் நத்தை" என்று எழுதுங்கள்.

முதலில் ஸ்கேலை எடுத்து 3 செ.மீ. காட்டிவிடுங்கள். பெரிதாக்கிய படத்தை மட்டும் பார்த்தால் ஓணான் அளவு என்று நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்து மாதிரி. ஃபோம் ஷீட்டில் 6 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, இரு பக்கமும் மும்மூன்று விசிறிக் கொத்துகள் வைக்கவும். ஒரு முகத்தில் நீல மார்க்கர், மறு முகத்தில் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள். நீலம் மேலே இருக்கும்படி கண்ணாடித் தொட்டியில் மிதக்கவிட்டு, அடியில் நீலச் சார்ட்டை விரித்து மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு சார்ட்டை உருவிவிட்டு, தொட்டியை இரண்டு மேசைகளுக்கு நடுவில் பாலம்போல வைத்து, கீழிருந்து டியூப்லைட்டை நோக்கிப் பார்க்கட்டும். மேலே பறவை, கீழே மீன், இரண்டுக்கும் டிமிக்கி.

எல்லாரும் சறுக்குவது இங்கேதான்: அந்த நீலம் முதுகு அல்ல, வயிறு. வயிற்றில் காற்றை விழுங்கிக்கொண்டு மல்லாந்து மிதக்கிற பிராணி இது.

கரும்பலகை:
வெள்ளித்தாளை ஃபெவிகாலில் ஒட்டினால் போதுமா?

நண்டுவளை:
ஊறிப் பிரிந்துவிடும். இரட்டைப் பக்க டேப். மைதா மாவில் செய்யும் விளையாட்டுக் களிமண்ணும் வேண்டாம், தொட்டியே கஞ்சியாகிவிடும்.

அலைவாய்க்கரை:
கரைக்கே கூட்டிப்போவதானால் ஒரு எச்சரிக்கை. இதற்குச் சொந்த விஷம் கிடையாது. ஃபைசேலியா என்ற மிதக்கும் சொறியை (ஜெல்லிமீன் போன்ற பிராணி) தின்று, அதன் கொட்டும் செல்களை வெடிக்காமல் தன் விசிறிக் கொத்துகளின் விரல் நுனிகளில் சேர்த்துவைக்கும். செத்துக் கிடந்தாலும் கொட்டும். மணலில் விரல்கள் சுருங்கி, நீல மை சிந்திய மாதிரிதான் தெரியும். டிராகனைத் தேடும் பிள்ளை அதன்மேலேயே மிதித்துவிடும். எனவே செருப்பு கட்டாயம், கை முதுகுக்குப் பின்னால். பத்துப் பைசா அளவில் நீலப் பொத்தான்போல் போர்பிட்டா என்ற இன்னொரு மிதக்கும் சொறி ஒதுங்கியிருந்தால் டிராகனும் பக்கத்தில் இருக்கலாம்.

கொட்டிவிட்டால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். ஒட்டியதைச் சாமணத்தால் எடுத்து, கடல்நீரில் அலசி, சுமார் 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைக்கவும். சூட்டைப் பெரியவர் கையில் பார்த்த பிறகுதான். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் நேராக ஆஸ்பத்திரி.

பாட்டிலில் பிடித்து வகுப்புக்குக் கொண்டுவரும் யோசனை வந்தால் கைவிடுங்கள். மிதக்கும் சொறிகள்தான் அதற்குச் சோறு, மீன்தொட்டியில் போடும் தீவனம் செல்லாது.