கார் ரிபேட் தரும் கிரெடிட் கார்டு: வைத்திருந்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ட்ராய்வாசி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டிட்ராய்ட் பக்கம் புதிதாக வேலைக்கு வருகிற தம்பிகள் அடிக்கடி கேட்பது: "அண்ணா, ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கிரெடிட் கார்டு எடுக்கலாமா? செலவில் ஒரு சதவீதம் ரிபேட்டாகச் சேருமாம், அந்தக் கம்பெனி கார் வாங்கும்போது விலையில் கழித்துக்கொள்ளலாமாமே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

என்னிடம் இருந்தது கேப்பிட்டல் ஒன் வங்கி நடத்திய காலத்து ஜிஎம் கார்டு, பெயர் பைபவர். வருடத்தில் முதல் 5,000 டாலர் செலவுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 2 சதவீதம் சேர்ந்தது. மளிகை, பெட்ரோல், ஊருக்கு ஃபிளைட் டிக்கெட் எல்லாம் அதில்தான். ஜிஎம்மின் ஷெவர்லே (ஷெவி) எக்வினாக்ஸ் கார் வாங்கப் போனபோது சேர்ந்திருந்த தொகையை முழுதாகக் கழித்துக்கொண்டேன். அதோடு ஜிஎம்முக்குப் பொருள் தரும் கம்பெனிகளின் ஊழியர்களுக்கான சப்ளையர் டிஸ்கவுன்டும் கிடைத்தது. எனக்கு லாபம்தான். ஆனால் நான் எப்படியும் ஷெவிதான் வாங்கியிருப்பேன். வேலை செய்கிற இடத்தின் பார்க்கிங்கில் வேறு கம்பெனி வண்டியை நிறுத்தினால் சக ஊழியர்கள் பார்க்கிற பார்வை தெரியும் அல்லவா!

பழைய டாரஸ்

தம்பி, இந்த விளையாட்டு ஆரம்பித்த காலத்தைப் பார்த்தவன் நான். 1992 செப்டம்பரில் ஜிஎம், ஹவுஸ்ஹோல்ட் வங்கியோடு சேர்ந்து மாஸ்டர்கார்டு ஒன்றைக் கொண்டுவந்தது. ஆண்டுக் கட்டணம் கிடையாது. செலவில் 5 சதவீதம் சேரும், வருடத்துக்கு 500 டாலர் உச்சவரம்பு. ஏழு வருடம் சேர்த்தால் 3,500 டாலர். அன்றைய கார் விலைக்கு அது பெரிய தொகை. அடுத்த வருடமே ஃபோர்டு, சிட்டிபேங்க்கோடு சேர்ந்து இறங்கியது. அதில் வருடத்துக்கு 700, ஐந்து வருடத்தில் 3,500.

நான் ஃபோர்டு பக்கம். வீட்டில் அம்மணி பால் வாங்கினால்கூட அந்தக் கார்டுதான். ஃபோர்டின் டாரஸ் கார் வாங்கும்போது கழித்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. 1997-ல் ஃபோர்டு அந்தத் திட்டத்தையே மூடிவிட்டது. ரிபேட்டுக்குப் பணம் கொடுப்பது கார் கம்பெனி, அதற்கு எப்போது கைகடிக்கிறதோ அப்போது மூடிவிடும். ஜிஎம் கார்டு இன்றுவரை ஓடுகிறது, ஆனால் எத்தனை கை மாறியது பாருங்கள்: ஹவுஸ்ஹோல்டை எச்எஸ்பிசி வாங்கியது, 2012-ல் கேப்பிட்டல் ஒன், 2022-ல் கோல்ட்மேன் சாக்ஸ், 2025-ல் பார்க்லேஸ். ஏழு வருடத் திட்டம் போட்டுச் சேர்க்கிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேன்டன் கோபி

டீலர்ஷிப்பில் நடப்பதை யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன்.

பெயர் வேண்டாம், இங்கே ஒரு டீலர். மின்னஞ்சலில் ஒரு விலை கொடுத்திருந்தார். நேரில் போய் உட்கார்ந்ததும் சேல்ஸ்மேன் கேட்ட முதல் கேள்வியே "கார்டில் ஏதாவது ரிபேட் சேர்த்து வைத்திருக்கிறீர்களா?" எங்கள் வீட்டுக்காரர் வெள்ளந்தியாக "ஆமாம், இவ்வளவு இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். சேல்ஸ்மேன் ஒரு தாளை எடுத்து நான்கு கட்டமாகப் பிரித்தார். ஒன்றில் கார் விலை, ஒன்றில் பழைய வண்டிக்குத் தருகிற டிரேட்-இன் விலை, ஒன்றில் டவுன் பேமென்ட், கடைசியில் மாதத் தவணை. எங்கள் ரிபேட்டைக் கொண்டுபோய் டவுன் பேமென்ட் கட்டத்தில் எழுதினார். மாதத் தவணை அழகாகக் குறைந்தது. நான் முதல் கட்டத்தைப் பார்த்தேன். கார் விலை மின்னஞ்சலில் சொன்னதைவிட ஏறியிருந்தது. டிரேட்-இன் விலையும் போனில் சொன்னதைவிடக் கம்மி. மொத்தத்தில் எங்கள் ரிபேட்டில் பெரும்பகுதியை அவர்களே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

போனில் இருந்த மின்னஞ்சலைத் திறந்து மேஜையில் வைத்தேன். சேல்ஸ்மேன் உள்ளே போனார், மேனேஜரோடு பேசினார், பழைய விலைக்கே வந்தார். அப்புறம்தான் ரிபேட்டைப் பற்றிப் பேச விட்டேன்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கார்டில் சேர்ந்த தொகையை டீலர் தன் கையிலிருந்து தருவதில்லை. கார் கம்பெனி அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் "ரிபேட் இருக்கிறதே, இதற்கு மேல் எப்படிக் குறைப்பது?" என்று டீலர் இழுத்தால் காதில் வாங்காதீர்கள். வரியெல்லாம் போட்ட கடைசி விலையை எழுத்தில் வாங்குங்கள், பிறகு ரிபேட்டை எடுங்கள்.

சன்னிவேல் சாரதி

மிச்சிகனை விட்டுக் கலிபோர்னியா வந்தவர்களுக்காக எழுதுகிறேன். இங்கே நண்பர்கள் வட்டத்தில் எல்லாரும் டொயோட்டா, ஹோண்டா, டெஸ்லா. ஜிஎம் கார்டில் சேர்ந்த தொகையை வைத்து இதில் எதையும் வாங்க முடியாது.  டொயோட்டா கேம்ரி வாங்கலாம் என்று இருந்தோம். 2022-ல் ஷெவி போல்ட் என்ற மின்சாரக் காரின் விலையைக் குறைத்திருந்தார்கள். 2023-ல் அமெரிக்க மத்திய அரசின் 7,500 டாலர் வரிச்சலுகையும் இருந்தது. அதற்கு மேல் கார்டு ரிபேட். கணக்கு அட்டகாசமாக வந்தது, போல்ட் வாங்கினோம். ஆனால் அந்தக் கணக்கில் பெரிய பங்கு வரிச்சலுகைக்குத்தான், கார்டுக்கு இல்லை.

இன்னொன்று: கலிபோர்னியாவில் கம்பெனி தரும் ரிபேட்டைக் கழிப்பதற்கு முந்தைய விலைக்கே விற்பனை வரி போடுவார்கள். 1,000 டாலர் ரிபேட் என்றால் அந்த ஆயிரத்துக்கும் வரி கட்டித்தான் ஆக வேண்டும்.

எக்செல் மாமா

எல்லாரும் கதை சொல்லிவிட்டீர்கள், கணக்கை நான் போடுகிறேன். ட்ராய்வாசி சொன்ன பைபவர் கார்டையே எடுத்துக்கொள்வோம். வருடச் செலவு 20,000 டாலர். முதல் 5,000-க்கு 250, மீதி 15,000-க்கு 300, ஆக 550. அதே செலவை எல்லாவற்றுக்கும் 2 சதவீதம் ரொக்கமாகத் தரும் சாதாரண கார்டில் செய்தால் 400. வித்தியாசம் 150 டாலர். ஐந்து வருடத்தில் 750.

அந்த 750-க்காக ஐந்து வருடம் ஒரே கம்பெனிக்குக் கட்டுப்பட்டு நிற்கிறீர்கள். பக்கத்துக் கம்பெனி அதே மாதிரி வண்டிக்கு வருடக் கடைசியில் 2,000 டாலர் குறைத்தால், ஐந்து வருடத்தில் கார்டில் சேர்ந்த உங்கள் 2,750-ஐ விட்டுவிட மனசு வராது. கார் கம்பெனிக்கு வேண்டியதும் அதுதான். நானாக இருந்தால் ரொக்கக் கார்டுதான். ஜிஎம்மில் வேலை செய்கிறவர்கள், மூன்று வருடத்துக்கு ஒருமுறை வண்டி மாற்றுகிறவர்கள், அவர்கள் கதை வேறு.

மாதாமாதம் முழுத் தொகையும் கட்டாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். 22 சதவீத வட்டியில் 3,500 டாலரை ஒரு வருடம் பாக்கி வைத்தால் வட்டி மட்டும் 770.

புதுசு நோவி

மாமா, ஒரு சந்தேகம். கார் விலை முழுவதையும் அந்தக் கார்டிலேயே தேய்த்து அதற்கும் சதவீதம் வாங்கலாமா?

கேன்டன் கோபி

விடமாட்டார்கள்ப்பா. கார்டு கட்டணம் 2, 3 சதவீதம் டீலர் தலையில் விழும். டவுன் பேமென்ட்டில் மூவாயிரமோ ஐயாயிரமோ வரை தேய்க்க விடுவார்கள், சில இடத்தில் அதுவும் இல்லை. கையெழுத்துப் போட உட்காருவதற்கு முன்னால் கேட்டு வைத்துக்கொள்.